பச்சைப் புள்ளிக்குப் பின்னால்

விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் கிராணி பேர் கூப்பிடுவார். நின்றவர் குரல் கொடுத்தால் செக்ரோலில் ஒரு கோடு விழும். தம்பின், கெமெஞ்சே, கெமாஸ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அப்பா அம்மா சொல்லிக் கேட்ட கதையாகவாவது இது தெரிந்திருக்கும். ஆள் வந்தாரா என்பது அந்தக் கோட்டில் தெரியும். எத்தனை மரம் சீவினார், எவ்வளவு பால் கொண்டுவந்தார் என்பது பிறகு நிறுக்கும்போதுதான் தெரியும்.

பள்ளியிலோ தோட்ட அலுவலகத்திலோ வைஃபை பெட்டிகளைக் கண்காணிக்கும் டாஷ்போர்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவதும் இந்த வருகைக் கோடுதான். பெட்டியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. “எல்லாம் பச்சையாத்தான் இருக்கு டீச்சர்” என்பார் டெக்னீஷியன். “என் வகுப்புல லைனே கிடைக்கல தம்பி” என்பார் ஆசிரியை. இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும். பெட்டி உயிரோடு இருக்கிறது, கூப்பிட்டால் பதில் சொல்கிறது என்பதற்கு மேல் அந்தப் புள்ளிக்கு ஒன்றும் தெரியாது.

இந்த இடைவெளியை மலேசியா பெரிய அளவிலேயே பார்த்துவிட்டது. 2011 டிசம்பரில் தொடங்கிய ஒன்பெஸ்தாரிநெட் திட்டம், நாட்டின் சுமார் 10,000 பள்ளிகளுக்கு இணையமும் ஃபுரோக் என்ற கற்றல் தளமும் தருவதாக இருந்தது. 15 ஆண்டுத் திட்டம், 400 கோடி ரிங்கிட்டுக்கு மேல் மதிப்பு. 2013-ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை அதன் பயன்பாட்டைக் கணக்கெடுத்தபோது, ஆசிரியர், மாணவர், பெற்றோர் என எந்தத் தரப்பிலும் அந்தத் தளத்தின் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. 2019 ஜூன் இறுதியோடு திட்டம் நிறுத்தப்பட்டது. ஏட்டில் அந்தப் பள்ளிகளெல்லாம் இணைக்கப்பட்ட பள்ளிகள்தான்.

சரி, கூரையில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பெட்டி, அதாவது அக்சஸ் பாயிண்ட், தன் நிலையை எப்படிச் சொல்கிறது? பழைய வழி எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை. 1988-இல் ஜெஃப்ரி கேஸ் உள்ளிட்ட நால்வர் எழுதியது. பெயரிலேயே ‘எளிய’ என்ற சொல் இருக்கிறது. எளிமையாக இருந்ததால்தான் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது. பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு விவரத்துக்கும் புள்ளி வைத்துப் பிரித்த ஒரு நீண்ட எண் உண்டு. 1.3.6.1.2.1.1.3 என்று கேட்டால், கடைசியாக இயங்கத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்று பெட்டி சொல்லும். கண்காணிப்பு மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இப்படி நூற்றுக்கணக்கான எண்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அவசரமென்றால் பெட்டியே முந்திக்கொண்டு செய்தி அனுப்பவும் வழி இருக்கிறது.

அந்த நேரக் கணக்கில் ஒரு வேடிக்கை. அது விநாடியின் நூறில் ஒரு பங்காக, 32 பிட் எண்ணில் எண்ணப்படுகிறது. 497 நாளில் எண் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஒன்றரை வருடத்துக்குக் கிட்ட நிற்காமல் உழைத்த பெட்டி, நேற்றுத்தான் அணைந்து எரிந்ததுபோல் காட்டும். இன்னொரு விஷயம் வேடிக்கை இல்லை: எஸ்.என்.எம்.பி.யின் பழைய பதிப்புகளில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே கம்பியில் போகும். வழக்கமாக அது ‘பப்ளிக்’ என்றே இருக்கும். மாற்றாமல் விட்டிருக்கும் இடங்கள் இன்றும் நிறைய.

பெட்டிகள் பத்து, இருபது என்று பெருகியபோது ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டிமேய்க்க முடியாமல், கன்ட்ரோலர் என்ற தலைமைப் பெட்டி வந்தது. இன்று பல இடங்களில் அந்த வேலையை எங்கோ இருக்கும் கிளவுட் சர்வர் பார்க்கிறது. கீழ்ப்பெட்டிகள் குறித்த இடைவெளியில் அதற்கு ‘இருக்கிறேன்’ என்று ஒரு துடிப்பை அனுப்பும். சில துடிப்புகள் தவறினால்தான் புள்ளி சிவக்கும். எனவே பெட்டி செத்த அதே நொடியில் திரை மாறாது.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய பங்கு உண்டு. ஜோஹோ என்றால் இன்று கணக்கு மென்பொருளும் மின்னஞ்சலும்தான் ஞாபகத்துக்கு வரும். 1996-இல் ஸ்ரீதர் வேம்புவும் டோனி தாமஸும் மற்றவர்களும் சேர்ந்து அட்வென்ட்நெட் என்ற பெயரில் அதைத் தொடங்கியபோது விற்றது எஸ்.என்.எம்.பி. கருவிகளைத்தான். வலையமைப்புச் சாதனம் தயாரிக்கும் நிறுவனங்கள் அவற்றை வாங்கித் தங்கள் மேலாண்மை மென்பொருளில் பொருத்திக்கொண்டன. 2009-இல் பெயர் ஜோஹோ ஆயிற்று. மேனேஜ்எஞ்சின் என்ற அதன் பிரிவு வெளியிடும் ஆப்மேனேஜர், ரவுட்டர், சுவிட்ச், வைஃபை கன்ட்ரோலர் எல்லாவற்றையும் ஒரே திரையில் கண்காணிக்கிறது. சென்னையிலும் தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் உட்கார்ந்து எழுதும் மென்பொருள், உலகின் பல அலுவலகங்களில் பச்சையும் சிவப்புமாக எரிகிறது.

இனி அந்த டாஷ்போர்டின் ஒரு வரியை அருகில் போய்ப் பார்க்கலாம். தம்பினுக்கு உள்ளே தள்ளி, செம்பனை சூழ்ந்த ஒரு தமிழ்ப்பள்ளி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கட்டடம், மூன்று பெட்டி. கணினி அறைப் பெட்டியின் பெயரைத் தட்டினால் விவரப் பக்கம் விரியும்.

முதலில் நான் பார்ப்பது அலைவரிசையை இல்லை, கம்பியை. ‘இணைப்பு வேகம் 100’ என்றிருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். இந்தக் காலத்துப் பெட்டி 1000 மெகாபிட்டில் இணைய வேண்டும். ஈதர்நெட் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பி இருக்கிறது. 1000-க்கு நான்கும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். எலி கடித்தோ, முனையிலுள்ள பிளக்கில் ஈரம் ஏறிச் செம்பு பச்சை பூத்தோ ஒரு ஜோடி போனால், பல சாதனங்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். புள்ளி பச்சையாகவே இருக்கும். எறும்பு புகுந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பிளக் அடித்தால் பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

அடுத்தது அலைவரிசை நெரிசல். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காற்றில் எத்தனை விழுக்காடு நேரம் பேச்சு ஓடுகிறது என்பதே இந்த எண். பள்ளி விட்டபிறகு, இணைந்த சாதனம் பூஜ்யமாக இருக்கும்போதும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இது 35 என்று நின்றால் எங்கிருந்து வருகிறது? வைஃபையின் பெயரிலிருந்தே வரலாம். ஒவ்வொரு பெட்டியும் தான் ஒலிபரப்பும் ஒவ்வொரு பெயரையும் விநாடிக்குச் சுமார் பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். பழைய சாதனங்களுக்கும் கேட்க வேண்டுமென்று அந்த அறிவிப்பை மிக மெதுவான 1 மெகாபிட் வேகத்தில் விட்டிருந்தால், ஒன்று முடிய இரண்டு மில்லி விநாடிக்கு மேல் ஆகும். ஆசிரியர், மாணவர், அலுவலகம், விருந்தினர், சோதனை என்று ஐந்து பெயர், மூன்று பெட்டி, எல்லாம் ஒரே சேனல் என்றால் விநாடிக்கு 150 அறிவிப்பு. மூன்றில் ஒரு பங்கு நேரம் பெயர் சொல்வதிலேயே போய்விடும். பெயர்களை இரண்டாகக் குறைத்து, பெட்டிகளை 1, 6, 11 என்ற சேனல்களுக்குப் பிரித்துவிட்டால் செலவில்லாமல் காற்று காலியாகும். புதுப் பெட்டி வாங்கக் கோரிக்கை எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். ஆனால் பல இடங்களில் கோரிக்கைதான் முதலில் போகிறது.

பிறகு இணைந்த சாதனங்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே மைனஸ் 52, மைனஸ் 67, மைனஸ் 81 என்று எண்கள். சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அளவில் சொல்கிறார்கள். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்கப் பலம் கூடும். 3 குறைந்தால் பலம் பாதியாகும், 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகும். மைனஸ் 67 என்பது ஒரு வாட்டில் 500 கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய ஒன்றைப் பிடித்துத்தான் போனில் வீடியோ ஓடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. குரல் அழைப்பு தடுமாறாமல் போக மைனஸ் 67 வேண்டும் என்பது இத்தொழிலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பலத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பின்னணி இரைச்சல் மைனஸ் 92 என்றால், இடையே 25 இருக்கிறது, நல்லது. இரைச்சலே மைனஸ் 78-க்கு ஏறியிருந்தால் அதே மைனஸ் 67 பயன்படாது.

மைனஸ் 81-இல் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு போன் தனக்கு மட்டும் தொல்லை கொடுப்பதில்லை. தூரத்திலிருந்து மெதுவாகப் பேசுவதால் காற்றை அதிக நேரம் பிடித்துவைக்கிறது. 1500 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தை அனுப்ப 54 மெகாபிட் வேகத்தில் கால் மில்லி விநாடி போதும். 1 மெகாபிட்டில் 12 மில்லி விநாடி. திடலின் கோடியில் நிற்கும் ஒருவரின் பழைய போனால் கணினி அறையில் இருபது பிள்ளைகள் காத்திருக்க நேரும். விவரப் பக்கத்தில் மிகக் குறைந்த வேகத்தில் இருப்பவர் யார் என்று தேடினால் அந்தப் போன் அகப்படும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. தோட்ட அலுவலகத்திலிருந்து பள்ளிக்கோ லயத்துப் பக்கமோ கேபிள் இழுக்க முடியாது. ஈதர்நெட் கேபிளின் எல்லை 100 மீட்டர். கம்பத்தில் ஆன்டெனா வைத்துச் செம்பனைக்கு மேலாக 5 கிகாஹெர்ட்ஸில் இணைப்பு கொடுப்பார்கள். போட்ட அன்று அருமையாக ஓடும். இந்த அலை ஊசி நூல்போல் போவதில்லை, நடுவில் பருத்துப் போகும். 1 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவழியில் அதன் ஆரம் ஏறக்குறைய 3.7 மீட்டர், அதில் அறுபது விழுக்காடாவது, அதாவது இரண்டே கால் மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். செம்பனை ஆண்டுக்குச் சுமார் அரை மீட்டர் உயரும். கம்பம் நட்டவர் கண் பார்வைக்கு வழி தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால், நான்கைந்து வருடத்தில் மட்டைகள் உள்ளே வந்துவிடும். மழை பெய்து மட்டை நனைந்தால் இன்னும் மோசம், நீர் அலையை விழுங்கும்.

அன்றாடம் டாஷ்போர்டைப் பார்ப்பவருக்கு இது தெரியாது. மைனஸ் 58, மைனஸ் 59 என்று வாரத்தில் மாற்றமே இருக்காது. வரைபடத்தின் கால அளவை ‘ஒரு வருடம்’ என்று மாற்றினால், கோடு மெல்லச் சரிவதும் மழைக்காலங்களில் பள்ளம் விழுவதும் தெரியும். அதனால்தான் பழைய பதிவுகளை ஒரு மாதத்தில் அழித்துவிடும் இலவசத் திட்டங்கள் இங்கே பாதி உதவிதான் செய்யும். கம்பத்தை உயர்த்தலாம், இடத்தை மாற்றலாம். எதுவும் செய்யாமல் மறுநடவு வரைக்கும் காத்திருந்தாலும் இணைப்பு தானாகச் சரியாகும், ஆனால் செம்பனையை 25 வருடத்துக்கு ஒருமுறைதான் வெட்டுகிறார்கள்.

இடியும் இங்கே அன்றாட விஷயம். உலகிலேயே மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியா ஒன்று. பெட்டிக்கு மின்சாரமும் அதே ஈதர்நெட் கேபிளில்தான் போகிறது. 2003-இல் வந்த தர அளவுப்படி ஒரு கேபிளில் 15.4 வாட் வரை அனுப்பலாம். வசதிதான். ஆனால் வெளியே ஓடும் கேபிள், மின்னலின் அதிர்வை நேராக சுவிட்சுக்குள் கொண்டுபோகும் பாதையாகவும் ஆகிவிடுகிறது. சாயங்கால மழைக்குப் பிறகு எந்தப் புள்ளிகள் சிவந்தன என்பதிலேயே பாதி விடை இருக்கும். ஒன்று மட்டும் சிவந்தால் அந்தப் பெட்டி, அல்லது அதன் கேபிள். ஒரே சுவிட்சில் இருக்கும் எல்லாம் சேர்ந்து சிவந்தால் சுவிட்ச். எல்லாம் பச்சை, ஆனால் எல்லாவற்றின் இயக்க நேரமும் பத்து நிமிடம் என்றால் மின்சாரம் போய் வந்திருக்கிறது. எல்லாமே சிவந்து, பிள்ளைகளோ பள்ளிக்குள் ஃபைல் பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றால், கிளவுடுக்குப் போகும் இணைய வழி அறுந்திருக்கிறது; பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன் இந்த நான்கையும் உட்கார்ந்த இடத்திலேயே பிரித்தறியலாம்.

‘இன்று இணைந்தவர்கள் 64’ என்று பக்கத்தின் மேலே பெரிதாக ஓர் எண் நிற்கும். அறிக்கை எழுதுபவர்களுக்கு மிகப் பிடித்த எண் அது. அதை அப்படியே நம்ப வேண்டாம். 2019-இல் ஆண்ட்ராய்டு 10-உம் 2020-இல் ஐஓஎஸ் 14-உம் வந்ததிலிருந்து, போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டுகின்றன. ஆசிரியர் வைஃபையிலும் விருந்தினர் வைஃபையிலும் மாறிமாறி இணைந்த ஒரே போன் இரண்டாகக் கணக்காகும். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் அது அப்படிப்பட்ட பொய் முகவரிதான். தொடர்ந்து பின்தொடரப்படாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஏனென்றால் எந்தப் போன் எந்த மணிக்கு எந்தப் பெட்டியடியில் இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்பது இதே டாஷ்போர்டில் கிடக்கிறது. எந்த ஆசிரியர் எந்த அறையில் இருந்தார் என்று தேட நினைப்பவருக்கும் அது கிடைக்கும். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. எனவே அரசுப் பள்ளியில் அந்தப் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது, யார் திறந்து பார்ப்பது என்பதெல்லாம், அமைப்புகள் பக்கத்தில் அந்தக் கட்டத்தை நிரப்புகிறவர் கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது.