உங்கள் யோகா மாஸ்டரை உங்களுக்குத் தெரியுமா?

கத்தரிக்காய் வாங்கப் போனால் காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். சுங்குடிச் சேலை எடுக்கப் போனால், 'சாயம் போகாதே?' என்று இரண்டு தடவை கேட்டு, அதற்குப் பிறகும் நம்பாமல் இன்னொரு கடை ஏறி இறங்குகிறோம். பிள்ளையை ஸ்கூலுக்கு அழைத்துப் போகும் ஆட்டோக்காரரைப் பற்றித் தெரு முழுக்க விசாரிக்கிறோம்.

ஆனால், தெருமுனையில் புதிதாக யோகா சென்டர் திறந்திருக்கிறார்கள் என்றால்? பக்கத்து வீட்டு அக்கா சேர்ந்துவிட்டார். உடனே நாமும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். நம் கழுத்தையும் முதுகெலும்பையும் யார் கையில் கொடுக்கப் போகிறோம் என்று ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை.

விசாரியுங்கள். அதில் தப்பே இல்லை. நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். நீங்கள் கேட்பதற்கு முன்னால் அவரே உங்களைப் பத்துக் கேள்வி கேட்டிருப்பார். நல்ல ஆசிரியருக்கு அதுதான் முதல் அடையாளம்!

பலகை யாரும் மாட்டலாம்

ஊசி போடுவதற்குப் படிப்பு வேண்டும். மருந்துக்கடை வைக்க லைசென்ஸ் வேண்டும். யோகா சொல்லித்தர நம் நாட்டில் அப்படிக் கட்டாய லைசென்ஸ் எதுவும் கிடையாது. மொட்டை மாடியில் ஒரு ஷெட், பத்துப் பாய், வாசலில் ஒரு பலகை... அவ்வளவுதான், சென்டர் ரெடி.

2015-ல் ஜூன் 21-ஆம் தேதியை முதல் முறையாக உலக யோகா தினமாகக் கொண்டாடினார்கள். அதிலிருந்து ஆர்வம் கூடிப்போயிற்று, நல்லதுதான். இன்றைக்கு மதுரையில் அண்ணா நகர், கே.கே.நகர், எஸ்.எஸ்.காலனி, வில்லாபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் யோகா வகுப்பு இருக்கிறது. திருமங்கலம், மேலூர் மாதிரி சுற்று வட்டார ஊர்களிலும் வந்துவிட்டது.

மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் என்று ஒன்று செயல்படுகிறது. தேர்வு வைத்து, ஆசிரியர்களுக்குப் படிப்படியாகச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். ஆரம்ப நிலைப் பயிற்றுநர், அடுத்து வெல்னஸ் பயிற்றுநர், அதற்கு மேல் ஆசிரியர், கடைசியில் யோகா மாஸ்டர் என்று போகிறது. நோயாளிகளுக்கான யோகா தெரபிக்குத் தனிச் சான்றிதழ். இதையெல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டவர்கள் வாங்குகிறார்கள். சான்றிதழ் இருந்தால் நல்லது. ஆனால் அது மட்டும் போதாது. 200 மணி நேரப் பயிற்சியை ஒரே மாதத்தில் முடித்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிற இடங்களும் இருக்கின்றனவே!

எந்தப் பள்ளியிலிருந்து வருகிறார்?

மதுரைக்காரர்களுக்குப் பதஞ்சலி புதியவர் இல்லை. மீனாட்சி கல்யாணத்துக்கு வந்த பதஞ்சலியும் வியாக்ரபாதரும், 'தில்லை நடனத்தைப் பார்க்காமல் சாப்பிட மாட்டோம்' என்று சொல்ல, இறைவன் வெள்ளியம்பலத்தில் ஆடிக் காட்டினார் என்கிறது நம் ஊர்ப் புராணம். அந்தப் பதஞ்சலியையே யோக சூத்திரம் எழுதியவராகவும் மரபு சொல்கிறது.

அந்த யோகக்கலை இன்றைக்குப் பல கிளைகளாகப் பிரிந்து நம் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் ஆசிரியர் எந்தக் கிளை என்று தெரிந்துகொண்டால், அங்கே என்ன நடக்கும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

மனவளக்கலை மன்றம் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தை ஆரம்பித்த வேதாத்திரி மகரிஷியின் வழி அது. 'வாழ்க வளமுடன்' என்றுதான் வரவேற்பார்கள். இங்கே கடினமான ஆசனங்களை விட, கைப்பயிற்சி, கால் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, கண் பயிற்சி என்று எளிய முறை உடற்பயிற்சிகளும் தவமும் முக்கியம். வயதானவர்களுக்குத் தோதானது.

சுவரில் கயிறு, பெல்ட், மரக்கட்டை, நாற்காலி எல்லாம் இருந்தால் அது பி.கே.எஸ்.அய்யங்கார் வழியாக இருக்கலாம். உடம்பு வளையாத இடத்தில் பெல்ட்டையோ கட்டையையோ துணைக்கு வைத்துச் செய்வது இவர்கள் முறை. ஒவ்வொரு நிலையும் சரியாக அமைய வேண்டும் என்பதில் கண்டிப்பு அதிகம்.

இவருக்கும் குரு, 1989-ல் தம் நூறாவது வயதில் சென்னையில் மறைந்த டி.கிருஷ்ணமாச்சார்யா. பிற்காலத்தில் அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து, நாடி பிடித்து, அவரவர் வயசுக்கும் உடம்புக்கும் தகுந்த பயிற்சியைக் கொடுத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-ல் ஆரம்பித்த கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் இந்த முறைக்குப் பேர் போனது.

காந்தி மியூசியத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி என்கிறீர்களா? தமுக்கத்துக்குப் பக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-ல் தொடங்கிய அந்த மியூசியத்தில் யோகா வகுப்புகளும் நடத்துகிறார்கள்.

இன்னொரு வகையினர் யோகா டாக்டர்கள். யோகா, இயற்கை மருத்துவத்தில் ஐந்தரை வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். அதற்கான அரசுக் கல்லூரி சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது. நோய்க்காக யோகா செய்யப் போகிறவர்கள் இவர்களிடம் முதலில் காட்டிக்கொள்வது நல்லது.

பெயருக்குப் பின்னால் பட்டம் எதுவும் இல்லாத அருமையான ஆசிரியர்களும் உண்டு. கோயம்புத்தூர் நானம்மாள் பாட்டியைத் தெரியாதவர் யார்? சின்ன வயசில் வீட்டில் கற்றுக்கொண்டதைத் தொண்ணூறு தாண்டியும் சொல்லிக்கொடுத்தார். 2018-ல் பத்மஸ்ரீ விருது வாங்கி, 2019-ல் 99-ஆவது வயதில் மறைந்தார். அவருக்கு அனுபவமே சான்றிதழாக இருந்தது!

முதல் நாள் என்ன கேட்கலாம்?

'சார், நீங்க யாருகிட்ட கத்துக்கிட்டீங்க? எத்தனை வருஷமாச்சு?'

'இப்பவும் நீங்க தினமும் பயிற்சி பண்றீங்களா?'

'என் வயசுக்காரங்க, என்னை மாதிரி பிரஷர் இருக்கிறவங்க உங்ககிட்ட வர்றாங்களா?'

'ஒரு வகுப்பில் எத்தனை பேர்?'

இந்த நாலு கேள்வி போதும். முப்பது பேரை ஒரே நேரத்தில் உட்கார வைத்தால், உங்கள் கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒருத்தரால் பார்க்க முடியாது. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். 'முதல்ல மூணு மாசப் பணத்தைக் கட்டுங்க, அப்புறம் பேசலாம்' என்றால், யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிடலாம்.

அவர் உங்களைக் கேட்க வேண்டியது

'அம்மா, பிரஷர், சுகர் இருக்கா? என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? ஆபரேஷன் ஏதும் ஆகியிருக்கா? கழுத்து வலி, முழங்கால் வலி உண்டா?' இப்படிக் கேட்காமல், வந்த முதல் நாளே உங்களை வளைக்கிறவரிடம் ஜாக்கிரதை. அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஏன் என்று பாருங்கள்:

ரத்த அழுத்தம், இதய நோய்: தலைகீழாக நிற்கும் ஆசனங்கள், மூச்சை அடக்கி வைப்பது, வேகமான கபாலபாதி ஆகியவை ஆகாது. நிதானமான மூச்சுப் பயிற்சி செய்யலாம்.

கண் அழுத்த நோய்: சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. சென்னை சங்கர நேத்ராலயா டாக்டர்கள் யோகா செய்பவர்களைச் சோதித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. க்ளாகோமா என்கிற இந்த நோய் வலி இல்லாமல் பார்வையைத் தின்னும். இருப்பதே பலருக்குத் தெரியாது. நாற்பது வயசு தாண்டியவர்கள் தலைகீழாக நிற்க ஆசைப்பட்டால், முதலில் கண் டாக்டரிடம் போய் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலும்பு பலவீனம்: மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்துபோவது சகஜம். வேகமாக முன்னால் குனிந்து காலைத் தொடும்போது முதுகெலும்பு நசுங்கி முறியும் ஆபத்து உண்டு.

கழுத்து எலும்புத் தேய்மானம்: சர்வாங்காசனம், ஹலாசனம், சிரசாசனம் மூன்றிலும் பாரம் கழுத்துக்கு வரும். தவிர்த்துவிட வேண்டும்.

முழங்கால் தேய்மானம்: வஜ்ராசனத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று வம்பு செய்யாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து செய்தாலும் அது யோகாதான்.

ஹெர்னியா, சமீபத்திய வயிற்று ஆபரேஷன், சிசேரியன்: டாக்டர் சரி என்று சொல்லும் வரை வயிற்றை அழுத்தும் பயிற்சிகள் வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டு, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் மட்டும் செய்ய வேண்டும்.

சர்க்கரை நோய்: வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது இதெல்லாம் அறிகுறி. பையில் குளுகோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். மாஸ்டருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

'மாத்திரையை நிறுத்துங்க' என்றால்?

இங்கேதான் உயிர் பிரச்னையே வருகிறது. 'நம்ம கிளாசுக்கு ஒழுங்கா வாங்கம்மா, மூணே மாசத்துல மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுடலாம்' என்று சிலர் சொல்கிறார்கள். கேட்க இனிக்கும். நம்பாதீர்கள்!

யோகாவால் பலன் இல்லை என்று சொல்லவில்லை. தொடர்ந்து செய்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஓரளவு குறையும். மனசு அமைதிப்படும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்து, அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற டாக்டர்கள் அமைப்பு 2017-ல் வழிகாட்டியிருக்கிறது. ஆனால் யோகா மருந்தோடு கை கோத்துப் போக வேண்டிய விஷயம். பிரஷர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். சின்ன வயசில் சர்க்கரை வந்து இன்சுலினை மட்டுமே நம்பி இருக்கிற பிள்ளைகளுக்கு அதை நிறுத்தினால், சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

அளவு குறைந்திருந்தால் மாத்திரையைக் குறைப்பது டாக்டரின் வேலை. நல்ல மாஸ்டர், 'டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்டுக்குங்க' என்பார். அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்!

வகுப்பில் கவனியுங்கள்

எடுத்த எடுப்பில் கஷ்டமான ஆசனத்துக்குப் போகிறாரா, உடம்பைத் தளர்த்திவிட்டு ஆரம்பிக்கிறாரா? கடைசியில் சவாசனத்துக்கு நேரம் விடுகிறாரா? 'வலிக்குது மாஸ்டர்' என்றால் நிறுத்தச் சொல்கிறாரா, 'வலிச்சாதான் பலன்' என்று முதுகில் ஏறி அழுத்துகிறாரா? தசை இழுப்பது வேறு, சுருக்கென்று குத்தும் வலி வேறு. மூட்டில் வலி, கை கால் மரத்துப்போவது, நெஞ்சில் பாரம், தலைசுற்றல் என்றால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். நெஞ்சு பாரம் என்றால் நேராக ஆஸ்பத்திரிதான்.

நம் ஊர் வெயிலும் ஒரு விஷயம். அக்னி நட்சத்திரத்தில், தகர ஷெட்டுக்கு அடியில், சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு என்றால் வயசானவர்களுக்கு மயக்கம் வரும். விடிகாலை நேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஆசனத்தைத் திருத்தக் கை வைக்க வேண்டி வந்தால், 'தொடலாமாம்மா?' என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். பிடிக்கவில்லையா? 'வாயால சொல்லுங்க சார், நான் செஞ்சுக்கிறேன்' என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்கிறவரிடம் மறுநாள் போக வேண்டியதில்லை. தனியாக ஸ்பெஷல் பயிற்சி என்று கூப்பிட்டால் துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள்.

மாஸ்டரும் மனுஷர்தான்

கடைசியாக ஒன்று. விசாரிப்பது என்றால் போலீஸ் மாதிரி குறுக்கு விசாரணை செய்வது இல்லை. வகுப்புக்குக் கால் மணி நேரம் முன்னால் போய் உட்காருங்கள். பாய் விரிக்க உதவிக்கொண்டே பேச்சுக் கொடுங்கள். எங்கே கற்றார், ஏன் இந்த வேலைக்கு வந்தார் என்பதெல்லாம் தானாக வரும். உங்கள் முழங்கால் கதை, ராத்திரி தூக்கம் வராத கதையும் அவருக்குத் தெரிய வரும். அப்புறம் பாருங்கள், 'நீங்க இதைச் செய்ய வேண்டாம்மா, அதுக்குப் பதிலா இதைச் செய்ங்க' என்று உங்களுக்கென்று ஒரு பயிற்சி சொல்லுவார்.

நாளைக்கே போய்ப் பேசுங்கள். கையோடு உங்கள் மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போக மறந்துவிடாதீர்கள்!