ஐந்தாம் சக்கரம் எங்கே இருக்க வேண்டும்?

கிள்ளான் துறைமுகச் சாலைகளில் கொள்கலன் லோரிகளைப் பார்த்திருப்பீர்கள். டிரெய்லரைக் கழற்றிவிட்டு இழுவை வண்டி மட்டும் தனியாகப் போகும்போது, அதன் பின்பகுதியில் கிரீஸ் பூசிய ஓர் இரும்புத் தட்டு தெரியும். அதன் பெயர் 'ஐந்தாம் சக்கரம்'.

உருளாத தட்டுக்கு ஏன் இந்தப் பெயர்? இது குதிரை வண்டிக் காலத்துப் பெயர். நான்கு சக்கர வண்டியின் முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக, அதன் மேல் படுக்கைவாட்டில் ஒரு வளையத்தைப் பொருத்தினார்கள். அந்த வளையமே ஐந்தாம் சக்கரம் ஆனது.

டிரெய்லரின் அடியில் கிங்பின் எனும் தடித்த எஃகு முளை இருக்கும். அதன் விட்டம் பொதுவாக 50.8 மில்லிமீட்டர், அதாவது 2 அங்குலம். தட்டில் உள்ள பிளவுக்குள் இந்த முளை நுழைந்ததும் பூட்டு விழுந்துவிடும். பிறகு டிரெய்லர் இந்த முளையை மையமாகக் கொண்டு திரும்பும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பல குடும்பங்கள் இதே முறையில் வீட்டு டிரெய்லர்களை இழுத்துச் சென்று சுற்றுலாப் போகின்றன. அங்கே இழுப்பது லோரி அல்ல, பிக்கப் வாகனம். அதன் சரக்குப் பெட்டிக்குள் இந்த இணைப்பைப் பொருத்துவார்கள். பெட்டி நீளமாக, சுமார் 2.4 மீட்டர் இருந்தால் சிக்கல் குறைவு. 2 மீட்டர் அல்லது அதற்கும் குறைவான குட்டைப் பெட்டி என்றால் எந்த இணைப்பை வாங்குவது என்ற கேள்வி எழுகிறது. விடை இயற்பியலிலும் கணிதத்திலும் இருக்கிறது.

முதல் தேவை: சுமை

இவ்வகை டிரெய்லரின் எடையில் ஏறக்குறைய 15 முதல் 25 விழுக்காடு கிங்பின் வழியாகப் பிக்கப்பின் மேல் இறங்கும். டிரெய்லர் 5,000 கிலோகிராம் என்றும், அதில் 20 விழுக்காடு இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 1,000 கிலோகிராம் சுமை!

இந்தச் சுமை பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் அமர வேண்டும். அச்சுக்குப் பின்னால் போனால் வாகனம் நெம்புகோலாகிவிடும். பின் அச்சு சுழலிடம். பின்பக்கம் அழுந்த, முன்பக்கம் மேலெழும். இரு அச்சுகளுக்கும் இடையே 4 மீட்டர் என்றால், கிங்பின் 35 செ.மீ. பின்னால் இருக்கும்போது முன் சக்கரங்கள் இழக்கும் சுமை 1,000 × 0.35 ÷ 4 = 87.5 கிலோகிராம். திசை திருப்புவதும் பிரேக் விசையின் பெரும்பங்கைத் தாங்குவதும் முன் சக்கரங்கள்தாம். நெடுஞ்சாலை வேகத்தில் அவற்றின் பிடி குறைவது ஆபத்து. டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளும் விசையும் அப்போது வாகனத்தை எளிதில் திருப்பிவிடும்.

இரண்டாம் தேவை: இடைவெளி

டிரெய்லரின் அகலம் ஏறக்குறைய 2.6 மீட்டர். முன்சுவரின் நடுவில் கிங்பின் இருந்தால், அங்கிருந்து முன்மூலைக்கு 1.3 மீட்டர். குட்டைப் பெட்டி வாகனத்தில் பின் அச்சுக்கும் ஓட்டுநர் அறையின் பின்சுவருக்கும் இடையே சுமார் 1 மீட்டர்தான் கிடைக்கும்.

டிரெய்லர் θ பாகை திரும்பும்போது அதன் மூலை முன்னோக்கி வரும் தூரம் 1.3 × சைன் θ. இது 1 மீட்டரைத் தொடுவது எப்போது? சைன் θ = 1 ÷ 1.3 = 0.77. மூன்றாம் படிவத்தில் படித்த முக்கோணவியல் போதும். Θ ஏறக்குறைய 50 பாகை. அதைத் தாண்டித் திரும்பினால் டிரெய்லரின் மூலை பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும்.

சுமைக்காகக் கிங்பின் முன்னால் இருக்க வேண்டும். திரும்புவதற்காகப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்.

தீர்வு எங்கே?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நெடுஞ்சாலையில் யாரும் 50 பாகை திரும்புவதில்லை. அவ்வளவு கூர்மையான திருப்பம், பின்னோக்கி நிறுத்தும்போதும் குறுகிய சந்துகளிலும் மட்டுமே வரும். அப்போது வேகம் மிகக் குறைவு. ஆக, இரண்டு தேவைகளும் ஒரே நேரத்தில் வருவதில்லை! நகரும் இணைப்பு இந்த உண்மையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது.

கையால் நகர்த்தும் இணைப்பு: ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, நெம்பியை விடுவித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடித்தபடி வாகனத்தை மெல்ல முன்னே நகர்த்துவார். இணைப்பு சுமார் 25 முதல் 35 செ.மீ. பின்னால் சரிந்து பூட்டிக்கொள்ளும். விலை குறைவு. ஆனால் ஒருமுறை மறந்தாலும் கண்ணாடி போய்விடும். மீண்டும் முன்னே தள்ள மறந்தால் நெடுஞ்சாலையில் ஆபத்து.

தானாக நகரும் இணைப்பு: டிரெய்லர் திரும்பும் விசையே இணைப்பைப் பின்னே தள்ளும், நேரானதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். மறதிக்கு இடமில்லை. ஆனால் எடையும் விலையும் அதிகம். கிங்பின் தனியே சுழலாதபடி பிடித்துக்கொள்ளும் தகடு ஒன்றையும் டிரெய்லரில் பொருத்த வேண்டும்.

நகராத இணைப்பு: எடை குறைவு, அமைப்பு எளிது. முன்மூலைகள் உள்வாங்கி வடிவமைக்கப்பட்ட டிரெய்லர்களுக்கு இது போதுமானதாக இருக்கலாம். எனினும், அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது.

எதை வாங்கினாலும், இணைப்பின் தாங்குதிறன் டிரெய்லரின் முழு எடைக்கும் கிங்பின் சுமைக்கும் ஈடுகொடுக்க வேண்டும். கிங்பின் சுமை, இணைப்பின் சொந்த எடை, பயணிகள், பொருள்கள் எல்லாம் சேர்ந்தும் வாகனம் ஏற்றக்கூடிய சுமையைத் தாண்டக்கூடாது.

செய்து பாருங்கள்

1. ஒரு தாளில் நேர்கோடு வரையுங்கள். அதுவே ஓட்டுநர் அறையின் பின்சுவர். (அளவு: 1 செ.மீ. = 20 செ.மீ.)
2. 13 செ.மீ. அகலமுள்ள அட்டையை வெட்டி, அதன் முன்விளிம்பின் நடுப்புள்ளியைக் கோட்டிலிருந்து 5 செ.மீ. தள்ளிக் குண்டூசியால் குத்துங்கள். முன்விளிம்பு கோட்டுக்கு இணையாக இருக்கட்டும்.
3. அட்டையை மெல்லத் திருப்புங்கள். மூலை கோட்டைத் தொடும் கோணத்தைப் பாகைமானியால் அளந்து பாருங்கள்.
4. குண்டூசியை இன்னும் 1.75 செ.மீ. தள்ளிக் குத்தி, மீண்டும் 90 பாகை வரை திருப்புங்கள். மூலைக்கும் கோட்டுக்கும் இடையே எஞ்சும் இடைவெளி எவ்வளவு? உண்மையான வண்டியில் அது எத்தனை செ.மீ.? கரடுமுரடான சாலையில் அது போதுமா என்று நண்பர்களுடன் விவாதியுங்கள்.