சுகம் வந்த பிறகும் குளிசை ஏன்?

2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். அந்த நினைவுள்ள வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், "என்னைக் கண்காணிக்கிறாங்கள்" என்று ஒருவர் சொன்னால் வீட்டார் நம்புவது இயல்பு. ஆனால் இதனாலேயே உளப்பிறழ்வின் ஆரம்ப அறிகுறிகள் தப்பிவிடுகின்றன.

அவர் சொல்வது உண்மையா பொய்யா என்று வாதாடத் தேவையில்லை. மற்ற மாற்றங்களைக் கவனியுங்கள். யாருமில்லாதபோது குரல்கள் கேட்கின்றனவா? தொலைக்காட்சி தன்னைப் பற்றியே பேசுகிறது என்கிறாரா? நஞ்சு கலந்திருப்பதாகச் சாப்பாட்டைத் தவிர்க்கிறாரா? நித்திரை, குளிப்பு, வேலை எல்லாம் குலைந்துவிட்டனவா? அப்படியானால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

சிகிச்சை தொடங்கிய குடும்பங்களிடம் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி வேறு: "இப்ப சுகம்தானே, பிறகேன் குளிசை?"

இந்த மருந்துகளில் பெரும்பாலானவை மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தின் செயற்பாட்டைக் கட்டுப்படுத்துகின்றன. குரல்கள் அடங்குகின்றன, சந்தேகம் தணிகிறது. ஆனால் நோய் திரும்பும் வாய்ப்பு உடனே போய்விடுவதில்லை. 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட பகுப்பாய்வில், மனச்சிதைவு நோயாளர்களில் மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் 27 சதவீதமானோருக்கு நோய் திரும்பியது. மருந்துக்குப் பதில் வெற்றுக் குளிசை பெற்றவர்களில் அது 64 சதவீதம். அதனால்தான் முதல் தடவை நோய் வந்து குணமான பின்னரும் ஒன்றிரண்டு வருடங்களுக்கு மருந்தைத் தொடரும்படி வைத்தியர்கள் சொல்வார்கள். இது போதைப் பழக்கம் அல்ல.

பக்கவிளைவுகளும் உண்மையானவை. நடுக்கம், நித்திரை மயக்கம், எடை கூடுதல் போன்றவற்றால் பலர் சொல்லாமலே மருந்தை விடுகிறார்கள். அதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். தினமும் விழுங்கச் சிரமமென்றால் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. மற்ற மருந்துகள் பலனளிக்காதவர்களுக்கு குளோசபின் உதவலாம், ஆனால் அதற்கு இரத்தப் பரிசோதனை ஒழுங்காகச் செய்ய வேண்டும். மருந்தை நிறுத்துவதென்றாலும் வைத்தியரின் மேற்பார்வையில் மெல்ல மெல்லத்தான்.

குளிசை குரலை அடக்கும். ஆனால் வேலை, நட்பு, வீட்டில் மரியாதை ஆகியவற்றை நாங்கள்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். "விசர்" என்று பெயர் வைத்து அறைக்குள் பூட்டி வைத்தால், மருந்து வேலை செய்தும் மனிதர் மீளமாட்டார். காணாமற்போனவரைத் தேடும் தாய்க்கும் முகாமில் வளர்ந்த பிள்ளைக்கும் துயரத்தைப் பேச ஓர் ஆள் வேண்டும். அதைக் குளிசையால் ஈடுசெய்ய முடியாது.

எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.