பழைய கம்ப்யூட்டரைக் காவலுக்கு வைக்கலாம்!

நம் உறுப்பினர்கள் பலரின் கடைகளிலும் கிட்டங்கிகளிலும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் கிடக்கிறது. பில் போடப் புதியது வந்துவிட்டது. பழையதை எடைக்குப் போட மனம் வரவில்லை. இதை இணையத்துக்கும் கடைக் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே காவலாக நிறுத்தலாம். அந்தக் காவலுக்கு ஃபயர்வால் என்று பெயர். அதற்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றது என்பதை இங்கே விளக்குகிறோம்.

காவலின் வேலை

கிட்டங்கி வாசலில் நிற்கும் காவலாளி, நாம் ஆர்டர் கொடுத்து வரவழைத்த சரக்கு வண்டியை உள்ளே விடுவார். கேட்காமல் வந்த வண்டியைத் திருப்பி அனுப்புவார். ஃபயர்வாலும் அப்படித்தான். கடைக்குள்ளிருந்து கேட்ட தகவலுக்கு வரும் பதிலை அனுமதிக்கும். வெளியிலிருந்து தானாக வந்து கதவைத் தட்டுவதை மறுத்துவிடும்.

2017 மே மாதம் ‘வானாக்ரை’ என்ற தீய மென்பொருள் உலகெங்கும் பரவியது. கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே தடுமாறின. அது நுழைந்த வழி, விண்டோஸில் கோப்புகளைப் பகிரப் பயன்படும் 445 எண் கதவு. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. திருத்தம் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக்கொண்டன. நமக்கு வர வேண்டிய பாக்கிக் கணக்கும் சரக்கு இருப்பும் ஒரே நாளில் பூட்டப்பட்டால் என்ன ஆகும் என்பதை வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

“இணைய இணைப்புடன் கொடுத்த பெட்டி போதாதா?” என்று கேட்கலாம். அதுவும் ஓரளவு காக்கும். ஆனால் வீட்டிலிருந்து கடைக் கேமராவைப் பார்ப்பதற்காக அதில் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தால், அந்தக் கதவு ஊருக்கே திறந்ததுதான். மேலும் அத்தகைய பெட்டிகளில் பல, வாங்கிய பிறகு திருத்தமே காண்பதில்லை.

‘லேசானது’ என்றால் என்ன?

பழைய இயந்திரம் என்றதும் இருப்பதிலேயே மிகச் சிறிய மென்பொருளைத் தேடுவது வழக்கம். அளவு முக்கியம்தான். அதைவிட முக்கியம், அதற்குத் திருத்தங்கள் இன்னும் வருகின்றனவா என்பது. ‘மோனோவால்’ என்ற சிறிய ஃபயர்வால் மென்பொருள் 2003இல் தொடங்கி நல்ல பெயர் எடுத்தது. அதை உருவாக்கியவரே 2015 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார். லேசாக இருக்கிறதே என்று இன்று அதை நிறுவினால், வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே உள்ள விண்டோஸையே காவலுக்கு வைப்பதும் கூடாது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது.

உண்மையில் லேசானது என்பது தேவையற்ற வேலை எதையும் செய்யாதது. ஓடும் மென்பொருள் குறைந்தால் திருடன் நுழையும் வழியும் குறையும்.

முதலில் பார்க்க வேண்டியவை

1. கம்ப்யூட்டர் 32 பிட்டா, 64 பிட்டா? 2006இல் வந்த கோர் 2 டுவோ 64 பிட் வகை. அதற்கு முந்தைய பென்டியம்களில் பல 32 பிட் வகை.

2. ராம் நினைவகம் எவ்வளவு?

3. இரண்டு நெட்வொர்க் கார்டுகள் உண்டா? ஒன்று இணையத்துக்கு, மற்றொன்று கடைக்கு. ஒன்றுதான் இருந்தால் இன்னொன்றை வாங்கிப் பொருத்த வேண்டும்.

எதற்கு எது?

ஓபன் டபிள்யூ.ஆர்.டி.: சிறிய ரவுட்டர்களுக்காக எழுந்த லினக்ஸ். மிகக் குறைந்த நினைவகத்திலும் ஓடும். 32 பிட் கம்ப்யூட்டருக்கும் கிடைக்கிறது. பிரவுசர் மூலமே அமைத்துக்கொள்ளலாம்.

ஐ.பி.ஃபயர்: இதுவும் லினக்ஸே. 64 பிட்டும் 1 ஜி.பி. நினைவகமும் வேண்டும். இணையத்தைச் சிவப்பு, கடையைப் பச்சை, வைஃபையை நீலம் என்று நிறத்தால் பிரிப்பதால் புதியவர்களுக்கும் எளிதில் புரியும். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பவர்கள், அதைப் பில் போடும் கம்ப்யூட்டரிலிருந்து பிரித்துவைக்க ஏற்றது.

ஓ.பி.என்.சென்ஸ்: மோனோவாலின் வழியில் 2015இல் வந்தது. 64 பிட்டும் குறைந்தது 2 ஜி.பி. நினைவகமும் தேவை. வசதிகள் ஏராளம், அதற்கேற்பச் சுமையும் கூடுதல். இதன் உறவான பி.எஃப்.சென்ஸும் 2017 முதல் 32 பிட்டைக் கைவிட்டது.

ஓபன் பி.எஸ்.டி.: பாதுகாப்பையே முதன்மையாகக் கொண்டு 1995இல் தொடங்கியது. பழைய 32 பிட் இயந்திரத்திலும் ஓடும். ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும். ஒவ்வொன்றுக்கும் சுமார் ஓராண்டு திருத்தம் உண்டு. ஆனால் விதிகளை எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். தெரிந்த ஆள் கைவசம் இருந்தால் மட்டுமே தேர்ந்தெடுங்கள்.

நான்கும் இலவசம். நினைவகம் குறைந்த கம்ப்யூட்டருக்கு முதலாவதையும், ஓரளவு நல்ல 64 பிட் கம்ப்யூட்டருக்கு ஐ.பி.ஃபயரையும் பரிந்துரைக்கிறோம்.

கரண்ட் செலவையும் கணக்கிடுங்கள்

மென்பொருள் இலவசம் என்றாலும் மின்சாரம் இலவசமல்ல. காவல் கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓட வேண்டும். அது 60 வாட் இழுத்தால் மாதம் சுமார் 43 யூனிட் ஆகும். 10 வாட் இழுக்கும் புதிய சிறு பெட்டிக்கு 7 யூனிட்தான். வித்தியாசமான 36 யூனிட்டை உங்கள் வணிகக் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். சில ஆண்டுகளில் அந்தத் தொகை புதுப் பெட்டியின் விலையை எட்டுமானால், பழையதை வைத்திருப்பது லாபமல்ல.

நிறுவிய பின்பு

காவல் கம்ப்யூட்டரில் பில் போடுவதோ இணையம் பார்ப்பதோ கூடாது. அது ஒரு வேலையைத்தான் செய்ய வேண்டும். ஆரம்பப் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். கரண்ட் போய் வந்தால் தானாகவே இயங்கும்படி ‘பயாஸ்’ அமைப்பில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்பாமல் புதியது ஒன்றைப் போடுவது நல்லது.

வாசலில் காவல் இருந்தாலும், ஊழியர் திறக்கும் தவறான மின்னஞ்சலையும் யாரோ செருகும் பென் டிரைவையும் அது தடுக்காது. ஆகவே கணக்கின் நகலை எடுத்து, கம்ப்யூட்டருடன் இணைக்காமல் தனியே வைக்கும் பழக்கத்தை விடக்கூடாது. கணக்குப் போன பிறகு காவல் வைப்பது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வது போன்றது.

நிறுவித்தர வருபவரிடம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். “இதற்குத் திருத்தங்கள் எதுவரை வரும்?” “மாதம் ஒருமுறை அவற்றை யார் போடுவார்கள்?” இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.