வலியின்றி வரும் நீரிழிவு

நீரிழிவு பட்டணத்தாரின் வியாதி, ஏர் பிடிப்போரை அணுகாது என்னும் எண்ணம் நம் கிராமங்களில் இன்னும் அகலவில்லை. ஏற்றம் இறைத்து உடல் வியர்த்த காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்திருக்கலாம். இன்று இறைப்பது மோட்டார், உழுவது டிராக்டர். சோற்றின் அளவோ குறைந்தபாடில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு.

உண்ட உணவு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. இன்சுலின் குறைந்தாலும், தசைகள் அதற்கு இணங்காவிடினும், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். வாய்க்கால் நிரம்ப நீர் ஓடியும், மடை திறவாமையால் பயிர் வாடுவது போன்றது இது.

அடங்காத் தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், களைப்பு, காரணமின்றி மெலிதல், ஆறாத புண் ஆகியவை இதன் அறிகுறிகள். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கொண்டும் முன்னோர் இதனை அறிந்தனர். ஆனால் பலருக்கு நெடுநாள் எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை. எறும்பு வரட்டும் என்று நாம் காத்திருத்தல் கூடாது.

குடியானவர்களுக்கு இந்நோயால் பெருங்கேடு காலில்தான் நேர்கிறது. நாட்பட்ட நீரிழிவினால் நரம்புகள் கெட்டுப் பாதம் மரத்துப்போகும். வெறுங்காலுடன் நடப்பவர் முள் தைத்ததையும் உணரார். வலியில்லையே என்று விட்ட சிறு புண் அழுகி, காலையே அகற்ற நேரிடுவதுண்டு. ஆதலின் நோயுள்ளோர் ஒவ்வோர் இரவும் பாதங்களைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதவர்க்கு வீட்டார் பார்க்கலாம். சேற்றில் செருப்பு அணிய இயலாதென்பதை நாம் அறிவோம். வரப்பிலும் தோப்பிலுமேனும் அணியலாமே. புண் கண்டால் சுண்ணாம்பு தடவாமல் மருத்துவரிடம் செல்க.

30 வயது கடந்தோர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுதல் நலம். வெறும் வயிற்றில், 100 மில்லி இரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் குறைவாயின் கவலையில்லை. 126-ம் அதற்கு மேலும் நோயின் அளவு. மறுசோதனையால் உறுதி செய்வர். இடைப்பட்டோர் தினம் அரைமணி விரைந்து நடந்து, சோற்றைக் குறைத்து, காய்கறியும் பயறும் கூட்டினால் நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும். அரிசியை விட்டுவிட்டோம் என்று கேழ்வரகுக் களியை வயிறு முட்ட உண்பதனால் பயனில்லை. அதுவும் சர்க்கரையாகவே மாறும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் சுகாதார நிலையத்தாருடன் பேசி, அடுத்த கிராம சபை நாளன்றே காலையில் சோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். முதலில் அங்கத்தினர்களே விரலை நீட்டினால், தயங்கி நிற்போரும் முன்வருவர்.