வீட்டோடு ஊர் சுற்ற வானம் இடம் கொடுக்குமா?

சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டிக்குப் பெயர் மோட்டார்ஹோம். ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள டார்வின் நகரில் இதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ககாடு தேசியப் பூங்கா, கேத்தரின் என்று சுற்றுவோர் ஏராளம். காரில் போகிறவர் வானிலை கெட்டால் விடுதியில் ஒதுங்கிக்கொள்ளலாம். மோட்டார்ஹோமில் போகிறவருக்கு வண்டிதான் விடுதி. உயரம் மூன்று மீட்டர், எடை மூன்று நான்கு டன், சுவரோ மெல்லிய பலகை. அதனால் வண்டி ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, வானிலை பார்க்கவும் தெரிய வேண்டும்.

வெப்பமண்டலத்தில் முதலில் மறக்க வேண்டியது வெப்பமானியை. டார்வினில் ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாக 31 டிகிரி, நவம்பரில் 33. வித்தியாசம் அவ்வளவுதான். மழையைப் பாருங்கள்: ஜூலையில் சராசரி ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும், ஜனவரியில் 400 மில்லிமீட்டரைத் தாண்டும். அங்கே பயணத்தைத் தீர்மானிப்பது தண்ணீர். அது காற்றில் எவ்வளவு, மேகத்தில் எவ்வளவு, சாலையில் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எவ்வளவு தூரமோ, டார்வின் ஏறத்தாழ அவ்வளவு தூரம் தெற்கே. ஆசியாவிலிருந்து இறங்கும் குளிர்காலக் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் புவிச்சுழற்சியால் திசை திரும்பி, அங்கே வடமேற்குப் பருவக்காற்றாகப் போய்ச் சேர்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம், மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம் என்பது பொதுக் கணக்கு. ககாடுவின் தொல்குடிகளான பினின்ஜ் மக்களுக்கு இந்தப் பிரிவு போதாது. அவர்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். மழை ஓயும் ஏப்ரலில் வீசும் புயற்காற்று, ஆளுயரம் வளர்ந்த புல்லைத் தரையோடு சாய்த்துவிடும். அந்தப் பருவம் பங்கெரெங். அடுத்து வரும் யெக்கே, வுர்கெங் என்ற இரு குளிர்ச்சியான பருவங்கள் ஆகஸ்ட் வரை நீளும். மோட்டார்ஹோமுக்கு உகந்த காலம் அதுவே.

அக்டோபருக்குப் பின் மழை வருமுன்னே புழுக்கம் வந்துவிடும். அதை அளக்க ஈரப்பதச் சதவீதத்தை நம்ப வேண்டாம். காற்றில் அதே அளவு நீராவி இருந்தாலும் விடியலில் 90 என்றும் நண்பகலில் 55 என்றும் அது காட்டும். பனிநிலையைப் பாருங்கள். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நீராவி துளியாகத் தொடங்குமோ, அதுவே பனிநிலை. அது 16 டிகிரி என்றால் சன்னலைத் திறந்து வைத்து நிம்மதியாகத் தூங்கலாம். 24ஐத் தாண்டினால் வியர்வை எளிதில் உலராது. மின்விசிறி மட்டும் போதாது. அப்படிப்பட்ட இரவுகளுக்கு, ஏசி ஓடும்படி மின் இணைப்பு தரும் கேரவன் பார்க்கில் முன்பதிவு செய்துவிடுவதே நல்லது. வண்டியின் பேட்டரி இரவு முழுவதும் ஏசியைத் தாங்குவது கடினம்.

மழைக்காலத்திலும் தினமும் கொட்டுவதில்லை. 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை உலகைச் சுற்றிக் கிழக்கு நோக்கி நகரும் மேடன்-ஜூலியன் அலைவு வடக்கு ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது மழை வலுக்கும், கடந்து போனபின் ஓயும். ஆஸ்திரேலிய வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் இதைத் தேடிப் படித்தால் அடுத்த ஓரிரு வாரத்தின் போக்கு பிடிபடும். புயல் எச்சரிக்கை வந்தாலோ யோசிக்க இடமே இல்லை. 1974 கிறிஸ்துமஸ் அன்று டார்வினைத் தாக்கிய டிரேசி புயல் 66 உயிர்களைப் பலிகொண்டது. நகரின் பெரும்பாலான வீடுகளையும் தரைமட்டமாக்கியது. கட்டடங்களே நிற்காத காற்றில் மோட்டார்ஹோம் புகலிடம் ஆகாது. முன்னறிவிப்பு வந்ததுமே உள்நாட்டுப் பக்கம் கிளம்பிவிட வேண்டும்.

சாதாரணக் காற்றையும் லேசாக எண்ண வேண்டாம். ஏழு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள வண்டியின் பக்கச்சுவர் 21 சதுர மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்குக் காற்று அடித்தால், சுமார் 90 கிலோ எடைக்குச் சமமான விசை அதைத் தள்ளும். வேகம் 60 ஆனால் விசை நான்கு மடங்காகி 350 கிலோவைத் தொடும். அறிவிப்பில் சொல்லும் வேகம் சராசரிதான். இடையிடையே வரும் வீச்சு அதைவிட 40 சதவீதம் வரை கூடலாம். 45 என்று படித்தால் 63க்குத் தயாராக இருங்கள்.

அன்றன்றைய இடிமழைக்குக் கண்ணே கருவி. டார்வினுக்கு வடக்கே திவி தீவுகளின் மேல், மழைக்காலத் தொடக்கத்தில் பெரும்பாலான பிற்பகல்களில் ஒரே இடத்தில் எழும் இடிமேகத்துக்கு விமானிகள் ஹெக்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது 20 கிலோமீட்டர் உயரம் வரை வளரும். காலையில் பஞ்சுப்பொதியாக இருந்த மேகம் நண்பகலில் கோபுரமாக உயர்ந்தால், மாலைப் பயணத்தை விட்டுவிடுங்கள். திடீரென்று குளிர்காற்று அடித்தால் மழைக்குச் சில நிமிடங்களே உண்டு. வண்டியின் பக்கவாட்டில் விரித்த துணிக்கூரையை உடனே சுருட்டிவிட வேண்டும். மின்னல் நேரத்தில் உலோகக் கூரையுள்ள ஓட்டுநர் அறையில் உட்காருங்கள். பின்பகுதி கண்ணாடியிழைப் பலகையால் ஆனதென்றால் அந்தப் பாதுகாப்பு அதற்கு இல்லை.

கடைசியாகச் சாலை. தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போதே, நேற்று மேட்டுநிலத்தில் பெய்த மழை தரைப்பாலத்தை மூழ்கடிக்கும். 2023 ஜனவரியில் எல்லி புயலின் எச்சம் கொட்டிய மழையில், மேற்கே கிம்பர்லியில் ஃபிட்ஸ்ராய் ஆற்றுப் பாலமே சிதைந்தது. புதிய பாலம் திறக்க டிசம்பர் ஆயிற்று. ஆகவே போகும் ஊரின் முன்னறிவிப்போடு, ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழையையும் அரசின் சாலை நிலவர அறிவிப்பையும் தினமும் காலையில் பாருங்கள். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும் வண்டியை இறக்காதீர்கள். அந்த ஆறுகளில் முதலைகளும் உண்டு. கரையை விட்டுத் தள்ளியே காத்திருங்கள், உணவும் படுக்கையும் உங்களிடமே இருக்கின்றன.