50 வெள்ளி நோட்டு
பேங்க் நெகாரா மலேசியா. நான்காம் வரிசை, முதல் வெளியீடு 2007. தாள், 145 × 69 மி.மீ.

முன்பக்கத்தில் இருப்பவர் துவாங்கு அப்துல் ரஹ்மான், நாட்டின் முதல் மாமன்னர். 1933இல் நெகிரி செம்பிலான் அரியணை ஏறியவர் என்பதால் அந்த மாநிலத்தைச் சேர்ந்த போர்டிக்சன் மக்களுக்கு இவர் சொந்த மாநிலத்து அரசர். பின்பக்கத்தில் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும், தோட்டங்களில் பால்மரத்தின் இடத்தைப் பிடித்த செம்பனையும் உள்ளன.

நோட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், வெறுமையாகத் தெரியும் பகுதியில் மாமன்னரின் முகம் எழும். இந்த நீர்க்குறி அச்சிடப்பட்டதல்ல. தாள் தயாராகும்போதே அதன் தடிமனைக் கூட்டியும் குறைத்தும் உருவாக்கியது. நகல் இயந்திரத்துக்கு இது சிக்காது. நோட்டைச் சாய்த்தால் பளபளக்கும் பட்டையில் உருவங்கள் மாறும்.

பார்வையற்றோருக்கு அளவுதான் முதல் அடையாளம். 1 வெள்ளி நோட்டின் நீளம் 120 மி.மீ., 100 வெள்ளி 150 மி.மீ. ஆனால் 20 வெள்ளியும் 50 வெள்ளியும் ஒரே நீளம். அகலத்தில்தான் 4 மி.மீ. வேறுபாடு. பழகாத விரலுக்கு இது போதாது. தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும் மேடான அச்சு துணைக்கு வரும், நோட்டு கசங்கித் தேயும்வரை.